நேர ஓட்டத்தில் முதல்வர் யார்? தரவரிசையும் யாங்கூன் சாலைகளும்

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைபெற்ற உலக சாலை மிதிவண்டிப் போட்டிகளில், ஆடவர் தனிநபர் நேர ஓட்டப் பட்டத்தை பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக வென்றார். தமக்கு முன்னதாகப் புறப்பட்டிருந்த ஸ்லோவேனிய வீரர் டாடே பொகாச்சாரை அவர் வழியிலேயே பிடித்து முந்திச் சென்றார். அப்போது நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றிருந்த ஒருவர் இவ்வாறு முந்தப்பட்டது, இத்துறையின் தலைசிறந்த வீரர் யார் என்ற பழைய விவாதத்தை மீண்டும் கிளப்பியுள்ளது.

ஆனால் அந்த விவாதத்துக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தத் தரவரிசையில் ஆசியாவின் பெயர் ஏன் இல்லை? மியான்மரின் மிகப்பெரிய நகரமான யாங்கூனின் சாலைகள் இதற்கு ஒரு பகுதி விடையைத் தருகின்றன.

கடிகாரம் மட்டுமே எதிரி

டைம் டிரையல் எனப்படும் நேர ஓட்டத்தில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக, குறிப்பிட்ட இடைவெளியில் புறப்படுகிறார்கள். முன்னால் செல்பவரின் பின்னே ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடப்பவரே வெற்றியாளர்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவரின் ஆற்றலில் மிகப்பெரும் பகுதி காற்றின் தடையை எதிர்ப்பதிலேயே செலவாகிறது. வேகத்தைச் சற்று உயர்த்தவும் ஆற்றலை அதைவிடப் பெரிய விகிதத்தில் கூட்ட வேண்டியிருக்கும். காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்வதே இதற்குக் காரணம். ஆகவே கால்களின் வலிமையைப் போலவே, உடலைக் குறுக்கி, அசையாமல், ஒரு மணி நேரம் வரை அதே நிலையில் வைத்திருக்கும் திறனும் இங்கே முக்கியமாகிறது.

தரவரிசை எப்படி அமையும்?

உலகப் போட்டிகளில் ஆடவர் தனிநபர் நேர ஓட்டம் 1994இல் தொடங்கியது. ஒலிம்பிக்கில் அது இன்றைய தனிப் போட்டி வடிவில் இடம்பெறுவது 1996 முதல். இவற்றை அளவுகோலாகக் கொண்டால் சுவிட்சர்லாந்தின் பாபியன் கான்செலாராவுக்கே முதலிடம் தர வேண்டியிருக்கும். 2006, 2007, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டமும், 2008 பெய்ஜிங், 2016 ரியோ ஒலிம்பிக்குகளில் தங்கமும் அவர் வென்றார். இரண்டு தங்கங்களுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன என்பது அவரது நிலைத்தன்மையைக் காட்டுகிறது.

ஜெர்மனியின் டோனி மார்ட்டினும் 2011, 2012, 2013, 2016 என நான்கு உலகப் பட்டங்களை வென்றவர். ஆனால் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. 2012இல் லண்டனில் வெள்ளியே கிடைத்தது. 2023, 2024, 2025 உலகப் பட்டங்களுடன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வைத்திருக்கும் எவனபூலை மார்ட்டினுக்கு மேலே, இரண்டாம் இடத்தில் வைப்பது நியாயமாகத் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டில் பிறந்த அவர் கான்செலாராவையும் கடந்து செல்ல வாய்ப்பிருக்கிறது.

நான்காம் இடத்துக்கு ஸ்பெயினின் மிகேல் இந்துராயினைக் குறிப்பிடலாம். 1992 டூர் டி பிரான்ஸில், லக்சம்பர்க்கில் நடந்த 65 கிலோமீட்டர் நேர ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை அவர் மூன்று நிமிட இடைவெளியில் வென்றார். விநாடிகளால் முடிவாகும் ஒரு விளையாட்டில் இது அசாதாரணமானது. 1995 உலகப் பட்டமும் 1996 அட்லாண்டா தங்கமும் அவருடையவை. ஐந்தாம் இடம் இத்தாலியின் பிலிப்போ கன்னாவுக்கு: 2020, 2021 உலகப் பட்டங்களுடன், 2022 அக்டோபரில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் கடந்து அவர் சாதனை படைத்தார்.

பெண்களில் அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றவர். மூன்றாவது தங்கத்தை வென்றது தமது 43ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம். உலகப் பட்டங்களை மட்டும் கணக்கிட்டால் நான்கு முறை வென்ற பிரான்ஸின் ஜானி லொங்கோ முன்னிற்கிறார்.

இத்தகைய பட்டியல்களுக்கு எல்லைகள் உண்டு. உலகப் பட்டம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கிராண்ட் பிரி தே நாசியோன் என்ற நேர ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற பிரான்ஸின் ஜாக் ஆங்கெத்தீலை இந்த அளவுகோல் காணாது. ஊக்கமருந்தின் நிழலும் உண்டு. 2003 உலகப் பட்டம் டேவிட் மில்லரிடமிருந்து பறிக்கப்பட்டு ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ரோஜர்ஸுக்கு வழங்கப்பட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கத்தை டைலர் ஹாமில்டன் 2012இல் இழந்தார்.

இல்லாத பெயர்கள்

1994 முதல் 2025 வரை நடந்த 32 உலகப் போட்டிகளில் ஆடவர் பட்டத்தை 19 பேர் வென்றிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வெளியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்: 2002இல் வென்ற கொலம்பியாவின் சாந்தியாகோ போத்தேரோ. ஆசியரும் இல்லை, ஆப்பிரிக்கரும் இல்லை.

உலகின் மிதிவண்டிகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பதும் பயன்படுத்துவதும் ஆசியாதான் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்கும். தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. இன்றைய முருகப்பா குழுமத்தின் தொடக்கம் 1900இல் பர்மாவின் மௌல்மேனில் நடத்தப்பட்ட வட்டித் தொழில். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கிருந்து மூலதனத்தைத் தாயகத்துக்கு மாற்றிய அக்குடும்பமே, 1949இல் சென்னை அம்பத்தூரில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவியது. பர்மாவில் ஈட்டிய பணத்தின் வழிவந்த தொழில், தமிழ்நாட்டுத் தெருக்களில் ஹெர்குலிஸாகவும் பி.எஸ்.ஏ.வாகவும் ஓடியது.

ஆயினும் உழைக்கவும் பள்ளிக்குச் செல்லவும் பயன்படும் வண்டிக்கும், காற்றுச் சுரங்கச் சோதனையில் வடிவமைக்கப்பட்டுப் பல லட்சம் ரூபாய் விலைபோகும் நேர ஓட்ட வண்டிக்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. பணக்குறைவு ஒரு தடை. ஆனால் அதற்கும் முந்தைய தடை, சாலை யாருக்கு உரியது என்பது.

யாங்கூன் அனுபவம்

யாங்கூனில் 2003 முதல் மோட்டார் சைக்கிள்கள் தடை செய்யப்பட்டன. நகரின் முக்கியச் சாலைகள் பலவற்றில் மிதிவண்டிகளுக்கும் இடமில்லாமல் போனது. 2011க்குப் பின் கார் இறக்குமதி விதிகள் தளர்த்தப்பட்டபோது சாலைகள் கார்களால் நிரம்பின. பக்கவாட்டில் இருக்கை பொருத்திய சைக்கா வண்டிகள் உட்தெருக்களுக்குள் ஒதுங்கின.

இதற்கு நேர்மாறான காட்சி, அரசு 2005இல் இடம்பெயரத் தொடங்கிய புதிய தலைநகர் நேபிடோவில் உண்டு. அங்கே 20 தடங்கள் கொண்ட பெருஞ்சாலை பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. மக்கள் வாழும் நகரில் ஓட்டச் சாலையில்லை. சாலை இருக்கும் நகரில் ஓட்ட மக்களில்லை என்பதே மியான்மரின் நிலை.

2019இல் மியான்மர் தொழில்முனைவோர் மைக் தான் துன் வின், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை மிதிவண்டி நிறுவனங்கள் கைவிட்ட சுமார் 10,000 வண்டிகளை வாங்கி, நெடுந்தொலைவு நடந்து பள்ளி செல்லும் மாணவர்களுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், எரிபொருள் விலை உயர்வு நகரவாசிகள் சிலரையும் மிதிவண்டிக்குத் திரும்பச் செய்தது. இரண்டுமே தேவையால் நேர்ந்தவை. அவற்றை விளையாட்டாக வளர்க்கும் அமைதியோ வளமோ அந்நாட்டில் இல்லை.

தடையில் பிறந்த போட்டி

நேர ஓட்டத்தின் வரலாறு இங்கே கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், காவல்துறையின் எதிர்ப்புக்கு அஞ்சி, சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதை மிதிவண்டிச் சங்கமே தடை செய்தது. அதற்கு மாற்றாகவே, வீரர்களைத் தனித்தனியே அனுப்பி நேரம் குறிக்கும் முறையை எப்.டி. பிட்லேக் 1895இல் நடத்திக் காட்டினார். கவனத்தை ஈர்க்காதபடி கறுப்பு உடையணிந்து, விடியற்காலையில் ஓடுவது அங்கு நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்த மரபில் வளர்ந்த பிரிட்டன்தான் கிறிஸ் போர்ட்மன், பிராட்லி விக்கின்ஸ் ஆகிய உலகப் பட்டதாரிகளைத் தந்தது.

ஒரு சாலை, ஒரு கடிகாரம், வாரத்தில் ஒரு காலைப் பொழுது ஆகியவையே இப்போட்டியின் தொடக்கத் தேவைகள் என்பதை இது காட்டுகிறது. விலையுயர்ந்த வண்டி பின்னரே வருகிறது. ஆசிய அளவில் கசகஸ்தான் இதை ஓரளவு சாதித்திருக்கிறது. அதன் வீரர் அலெக்ஸி லுட்சென்கோ 2018 ஆசிய விளையாட்டுகளில் நேர ஓட்டத் தங்கம் வென்றார்.

தமிழ்நாட்டில் 2001 முதல் பள்ளி மாணவிகளுக்கும், பின்னர் மாணவர்களுக்கும் அரசு இலவச மிதிவண்டி வழங்கி வந்திருக்கிறது. வண்டி வீடு வந்து சேர்ந்திருக்கிறது. அதை அச்சமின்றி வேகமாக ஓட்டுவதற்கான சாலை இன்னும் வரவில்லை. யாங்கூனின் நிலை இதைவிடக் கடுமையானது என்றாலும் வகையில் வேறானதல்ல.

உலகப் போட்டி முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணுக்குச் சென்றது 2025இல், கிகாலியில்தான். ருவாண்டா தனது சாலைகளைப் பல நாட்கள் பந்தயத்துக்காக மூடியது. பள்ளிகளுக்கும் விடுமுறை அளித்தது. அங்கு வென்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்களே. ஆனால் ஓரத்தில் நின்று பார்த்த சிறுவர்களிடமிருந்து ஒரு வீரர் உருவாவதற்கான முதல் நிபந்தனை அங்கே நிறைவேறியிருக்கிறது. யாங்கூனிலோ சென்னையிலோ கொழும்பிலோ அந்த நிபந்தனை நிறைவேறும்வரை, தரவரிசையில் நமது பகுதியின் பெயரைத் தேடுவதில் பயனிருக்காது.