சுதேசி சமூக ஊடகங்கள் நிலைக்காதது ஏன்?

புதுதில்லி: மத்திய அரசுக்கும் அயல்நாட்டு இணைய நிறுவனங்களுக்கும் இடையே உரசல் ஏற்படும்போதெல்லாம் சுதேசி செயலி ஒன்றின் பெயர் தலைநகரில் உரக்க ஒலிப்பதும், சில ஆண்டுகளில் அது ஓசையின்றி ஒடுங்குவதும் வாடிக்கையாகியுள்ளது. இதற்குத் தொழில்நுட்பக் குறைபாட்டைவிடச் சந்தையின் அமைப்பே முதன்மைக் காரணமாகத் தெரிகிறது.

பெங்களூரைச் சேர்ந்த 'கூ' செயலி இதற்குச் சிறந்த சான்று. 2020-இல் தொடங்கப்பட்ட இச்செயலி, அதே ஆண்டு மத்திய அரசின் தற்சார்பு இந்தியா செயலிப் போட்டியில் பரிசு பெற்றது. விவசாயிகள் போராட்டம் தொடர்பான கணக்குகளை முடக்குவதில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசும் ட்விட்டரும் மோதிக்கொண்டபோது, அமைச்சர் பியூஷ் கோயல் உள்ளிட்ட பலர் 'கூ'வில் இணைந்தனர். ட்விட்டருக்கான பதிலைத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே 'கூ'வில் வெளியிட்டது. அதே ஆண்டு ட்விட்டரை முடக்கிய நைஜீரிய அரசும் அதில் கணக்குத் தொடங்கியது.

ஆயினும், 2024 ஜூலையில் 'கூ' மூடப்பட்டது. உச்ச நிலையில் நாள்தோறும் 21 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தியதாக நிறுவனர்கள் தெரிவித்தனர். முதலீடு வறண்ட நிலையில், பெரிய நிறுவனங்களுடன் இணைவதற்கான பேச்சும் கைகூடவில்லை.

வந்தவர்கள் தங்கவில்லை: சமூக ஊடகத்தின் மதிப்பு அதில் இருக்கும் மனிதர்களால் ஆனது. அமைச்சர்கள் 'கூ'வுக்கு வந்தனரே தவிர, ட்விட்டரை விட்டு விலகவில்லை. அவர்களைப் பின்தொடர்வோர் இடம் மாற வேண்டிய தேவையும் எழவில்லை. ஆளும் பாஜகவினர் முதலில் திரண்டதால், அது ஒரு தரப்பின் மேடை என்ற தோற்றமும் உருவானது. எதிர்த் தரப்பு இல்லாத இடத்தில் விவாதம் சூடுபிடிப்பதில்லை.

தடையின் பலன் யாருக்கு?: போட்டியாளரைத் தடை செய்தால் உள்நாட்டு நிறுவனம் வளரும் என்ற கணக்கும் பொய்த்தது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்டன. சில நாள்களிலேயே ஷேர்சாட் நிறுவனம் 'மோஜ்' செயலியைக் கொண்டுவந்தது. 'ஜோஷ்' போன்றவையும் களமிறங்கின. ஆனால், ஏற்கெனவே கோடிக்கணக்கானோரின் கைப்பேசியில் இருந்த இன்ஸ்டாகிராம் ஜூலையில் 'ரீல்ஸ்' வசதியையும், யூடியூப் செப்டம்பரில் 'ஷார்ட்ஸ்' வசதியையும் இந்தியாவில் தொடங்கின. சீன நிறுவனம் விட்டுச்சென்ற இடத்தின் பெரும்பகுதி அமெரிக்க நிறுவனங்களின் வசமானது. 2012-இல் தொடங்கப்பட்ட 'ஹைக்' செயலியும் வாட்ஸ்ஆப்பின் முன் நிற்க இயலாமல் 2021 ஜனவரியில் தகவல் பரிமாற்றச் சேவையை நிறுத்தியது குறிப்பிடத்தக்கது.

அரட்டையின் நிலை: ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலிக்கு 2025 செப்டம்பரில் இதே போன்ற அலை வீசியது. மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, நாளொன்றுக்கு 3,000-ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாள்களில் 3.5 லட்சத்தைத் தொட்டதாக அந்நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். வெளி முதலீட்டாளர்களைச் சாராமல், வணிக மென்பொருள் வருவாயில் இயங்குவது ஜோஹோவுக்குள்ள பலம்; 'கூ'வுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. ஆனாலும், உறவினரும் அலுவலகக் குழுவும் வாட்ஸ்ஆப்பில் இருக்கும்வரை ஒருவர் மட்டும் வெளியேறுவது எளிதன்று.

யுபிஐ காட்டும் வழி: தகவல் செயலிகளும் யுபிஐ போல ஒன்றுடன் ஒன்று தொடர்புகொள்ள வேண்டும் என வேம்பு வலியுறுத்தியது கவனத்துக்குரியது. 2016-இல் அறிமுகமான யுபிஐ முறையில், எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பலாம். அங்கும் போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டின் ஆதிக்கம் நீடிக்கவே செய்கிறது. எனினும், செயலியை மாற்றுவதால் பயனாளர் எவருடனும் தொடர்பை இழப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைகள் சட்டம், பிற செயலிகளுடன் தொடர்புகொள்ள வழிவிடுமாறு வாட்ஸ்ஆப்பைக் கட்டாயப்படுத்துகிறது.

இந்தியாவிலோ நடவடிக்கை தாமதமாகவே வருகிறது. வாட்ஸ்ஆப் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கைக்காக மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில்தான் விதித்தது. பெருநிறுவனங்களின் ஆதிக்கத்துக்கு முன்கூட்டியே வரம்பிடும் எண்மப் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டபோதிலும், 2025 முடியும்வரை அது சட்டமாகவில்லை.

நாட்டின் அரசியல் விவாதமும், சிறு வணிகரின் விளம்பரமும், இந்திய மொழிகளில் எழுதுவோரின் வருவாயும் அயல்நாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் விதிகளுக்குக் கட்டுப்பட்டுள்ளன. அமைச்சர்கள் கணக்குத் தொடங்கி விளம்பரம் தேடித்தருவது அரசுக்கு எளிது. புதிதாக வருபவரும் சமநிலையில் போட்டியிட வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றுவதே கடினமான பணி. அதை நாடாளுமன்றம் மட்டுமே செய்ய இயலும்.