இரவற் செய்மதி

இரு பெருநாடுகள் விஞ்ஞானத் துறையிற் கைகோத்துக்கொண்டன என்ற செய்தியைப் பத்திரிகையிற் காணுந்தோறும், கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் கொண்டவர் கதி யாது என்ற வினா நம் மனத்தில் எழுகின்றது. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை நாம் அறியாதவர்களா?

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் இந்திய அணுசக்தித் திணைக்களமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்கா தன் செய்மதி ஒன்றை ஓராண்டுக்கு இரவல் தரும். தரையில் வேண்டிய நிலையங்களையும் கருவிகளையும் நிகழ்ச்சிகளையும் இந்தியா தானே ஆக்கிக்கொள்ளும். இப்பிரிவினையே உடன்படிக்கையின் உயிர்நிலை என்போம். இதற்காக உழைத்த விக்கிரம் சாராபாய் 1971இற் காலமானார். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்கு வந்தன. 1974இல் இந்தியா பொக்ரானில் அணுச் சோதனை நடத்தியது. இரு அரசுகளும் முகங்கொடுத்துப் பேச மனமற்றிருந்த காலம் அது. ஆயினும் கொடுத்த வாக்கு நின்றது.

1975 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை நோக்கி ஒளிபரப்புத் தொடங்கிற்று. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையாற் செய்த பத்தடி அகலக் குழிந்த ஏரியல். அதனடியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. காலையிற் பள்ளிச் சிறுவருக்கும், மாலையிற் பெரியோருக்குமாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். பயிர்ச்செய்கையும் சுகாதாரமும் பேசப்பட்டன. அப்பொழுது இந்தியாவில் அவசரநிலை பிறந்து ஐந்து வாரங்கள் கடந்திருந்தன என்பதையும் மறத்தற்கில்லை; ஜனநாயக நாடுகளின் கூட்டுறவு என்று வாய்நிறையச் சொல்லுமுன் சற்றே தயங்குகின்றோம்.

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய விஞ்ஞானிகள் ஓர் ஏரியலை நிறுவிக் கொடுத்தனர். வானில் நிலைத்து நிற்கும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாமென 1945இலேயே எழுதியவரல்லரோ அவர்! நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இலேதான்.

1976 ஜூலை 31ஆம் திகதி தவணை முடிந்தது. செய்மதி மேற்கே திரும்பிற்று. அதனையே நம்பியிருந்த ஊர்களிற் பெட்டிகள் ஊமையாயின. எனினும் கந்தை எறியப்படவில்லை. தரைக் கருவிகளும் அவற்றை இயக்கப் பழகிய பொறியியலாளரும் இந்தியாவிலேயே இருந்தனர். 1982இல் அமெரிக்காவிற் செய்வித்த முதல் இன்சாட் சில மாதங்களிற் பழுதுற்றது. அங்கேயே செய்த அடுத்தது 1983இல் வெற்றி கண்டது. 1992இல் விண்ணேறிய இன்சாட்டை இந்தியர் தாமே செய்தனர்.

2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்னும் செய்மதி இந்திய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதில் இரண்டு ராடர்கள்: ஒன்று அமெரிக்கருடையது, மற்றையது இந்தியருடையது.