40 வருஷம் போதாதா? முகாமில் வாழும் நம் சொந்தங்களுக்குக் குடியுரிமை எப்போது?



ஒரு கேள்வி. ஒருத்தர் இந்தியக் குடிமகன் ஆக இங்கே எத்தனை வருஷம் வாழணும்?

1955 குடியுரிமைச் சட்டம் சொல்லும் பொதுக் கணக்கு இது: விண்ணப்பிக்கும் முன் தொடர்ந்து 12 மாதம், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டு. மொத்தம் 12 வருஷம்.

2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அந்த 11ஐ 5 ஆகக் குறைத்தது. அந்தப் பட்டியலில் இஸ்லாமியர் இல்லை. இலங்கையும் இல்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தவர்கள் இங்கே வாழ்ந்து 40 வருஷம் தாண்டிவிட்டது. 12ம் ஆச்சு, 5ம் ஆச்சு. அப்புறம் ஏன் கிடைக்கலை?

சூட்சுமம் 2003 திருத்தத்தில் இருக்கு. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது. அதாவது 40 வருஷமும் கணக்கில் பூஜ்யம்!

வீடு எரியும்போது உயிரைக் கையில் பிடிச்சுட்டு ஓடி வந்தவர், விசாவுக்கு வரிசையில் நின்றிருக்கணுமா?

"கள்ளத்தனமா வந்தவங்கதானே" என்று சிலர் கேட்கிறார்கள். ஒளிந்து வாழ்பவரைத்தான் அப்படிச் சொல்லலாம். இவர்களைப் பதிவு செய்தது அரசு. மண்டபத்தில் இறக்கி முகாமுக்கு அனுப்பியது அரசு. பணக்கொடையும் அரிசியும் கொடுப்பது அரசு. முகாமில் கையெழுத்து வாங்கி ஆள் இருக்காரான்னு சரிபார்ப்பதும் அரசு. இவ்வளவு பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு 'சட்டவிரோதம்' என்றால் என்ன நியாயம்?

பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். 1986ல் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்த உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2022ல் பாஸ்போர்ட் வழங்கும் உத்தரவைப் பெற முடிந்தது. அவருக்கு ஒரு தம்பி 1988ல் பிறந்திருந்தால்? அதே முகாம், அதே அப்பா அம்மா. ஆனால் அவன் அந்நியன்! இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பட்டம் வாங்கி, பாஸ்போர்ட் இல்லாமல், ஓட்டு இல்லாமல், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லாமல் நிற்கிறது ஒரு தலைமுறை.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. முகாம்களில் இருப்பவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் இங்கிருந்து கூட்டிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைத் தலைக்கணக்குப் போட்டு இரண்டு நாட்டுக்கும் பிரித்தது. அதில் விடுபட்டவர்களுக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது ஆவணம் இல்லை என்பதற்காக வழக்கு பாயாது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஜெயில் இல்லை என்பது வேற, குடியுரிமை வேற.

நாம் கேட்பது மூன்றுதான்:

🔹 பதிவு பெற்ற ஈழத் தமிழர்களை 'சட்டவிரோதக் குடியேறி' வரையறையிலிருந்து நீக்குங்கள்.

🔹 முகாம் பதிவு செய்த நாளிலிருந்து வாழ்ந்த காலத்தைக் கணக்கில் எடுங்கள்.

🔹 இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.

தாயகம் திரும்ப நினைப்பவர் பாதுகாப்பாகத் திரும்பட்டும். அது அவர் உரிமை. இங்கேயே இருக்க நினைப்பவரை இன்னும் எத்தனை காலம் 'அகதி' என்று கூப்பிடப் போகிறோம்?

வேறு யாருக்கும் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள் என்கிறோம்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் முகாம் இருந்தால் ஒருமுறை போய்ப் பேசிப் பாருங்கள். பிறகு இந்தப் பதிவைப் பகிருங்கள்.

#முகாம்_தமிழருக்குக்_குடியுரிமை