நின்றபடி குடிக்கும் ஒயின்

கோடைக்கால மாலையில் வெனிஸின் ரியால்டோ சந்தைப் பக்கம் போனால், கால்வாயோரம் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சின்னத் தட்டுமாக ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பாக்காரோ எனப்படும் அங்குள்ள சிறு ஒயின் கடைகளில் நின்றபடியே தின்று குடிப்பதுதான் வழக்கம். தட்டில் இருப்பது சிக்கெட்டி: ரொட்டித் துண்டின்மேல் வைத்த மீன், வறுத்த உருண்டை, அவித்த முட்டைப் பாதி என்று இரண்டு கடியில் தீர்ந்துபோகும் பண்டங்கள்.

கோப்பையில் இத்தாலியக் குமிழி ஒயினான புரோசெக்கோ இருந்தால் ஒயின் பிரியர்களில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். ஷாம்பெயின் வாங்க வக்கில்லாதவன் குடிப்பது என்பது அவர்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி.

ஷாம்பெயினுக்குக் குமிழி தரும் இரண்டாவது நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடக்கிறது. மடிந்த ஈஸ்டோடு அது நெடுநாள் கிடப்பதால் ரொட்டி வாசனையும் கனமும் ஏறுகின்றன. புரோசெக்கோவுக்குப் பெரும்பாலும் அதே வேலையை மூடிய எஃகுத் தொட்டி செய்கிறது. 1895இல் ஃபெடெரிகோ மார்டினோட்டி என்ற இத்தாலியர் காப்புரிமை பெற்ற முறை இது. 1907இல் பிரெஞ்சுக்காரர் யூஜின் ஷார்மா அதைச் செம்மைப்படுத்தினார். உலகம் அவர் பெயரையே பிடித்துக்கொண்டது. தொட்டியில் வேலை சீக்கிரம் முடிவதால் கிளேரா திராட்சையின் ஆப்பிள், பேரிக்காய் மணம் கெடாமல் தங்குகிறது. ஆல்கஹாலும் 11 சதவீதம் அளவில்தான். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் அடங்காத நேரத்தில் இதற்குமேல் கனம் எதற்கு?

சிக்கெட்டியில் பக்காலா மன்டெகாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த காட் மீனை ஊறவைத்து, அவித்து, ஆலிவ் எண்ணெயை விட்டு விட்டு வெண்ணெய்போல் அடித்தெடுப்பார்கள். (1431இல் புறப்பட்ட வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் உடைந்து, அவர் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் கரையேறியதால் வெனிஸுக்கு வந்த மீன் என்பார்கள்.) வாயில் அப்பிக்கொள்ளும் அந்த எண்ணெயைக் குமிழியும் புளிப்பும் சேர்ந்து வழித்துவிடுகின்றன. அடுத்த வாய்க்கு நாக்கு தயார். பொரித்த பூசணிப் பூவுக்கும் இதே கணக்கு.

சார்டே இன் சாவோர் வேறு வழிக்காரன். பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டையோடு அடுக்கி ஒரு நாளாவது ஊறவிடுவார்கள். அந்த இனிப்புப் புளிப்புக்கு முன் வறண்ட ஒயின் வெளிறிப்போகும். கொஞ்சம் சர்க்கரை வேண்டும். லேபிளில் ஏமாறுவது இங்கேதான். ‘மிக வறண்டது’ என்று பொருள்படும் ‘எக்ஸ்ட்ரா டிரை’யில்தான் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம்வரை சர்க்கரை, ‘ப்ரூட்’டில் 12க்குள். மத்திக்கு முன்னது, பக்காலாவுக்குப் பின்னது என்பது என் தேர்வு.

6 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சி போதும். ஒல்லியான நீளக் கோப்பையில் நுரை அழகாக எழும், மணம் எழாது. சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையே மேல். ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைப்பதற்கும் இதில் ஒன்றுமில்லை. வாங்கிய கோடையிலேயே திறந்துவிடுங்கள்.