முனைவர் வேம்புவும் அரியர் பையன்களும்

காரைக்கால் கருக்களாச்சேரியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். டிப்ளமோ இரண்டாம் வருடம், இரண்டு அரியர். இனிக் கல்லூரிக்குப் போகப்போவதில்லையாம். காரணம் கேட்டால் கைபேசியை நீட்டுகிறான். வேட்டி கட்டி சைக்கிளில் போகிறார் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு. பின்னணியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் முழங்குகிறார்: டிகிரி வெறும் காகிதம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, வேம்புவையே பார்ப்போம். தஞ்சை மாவட்டத்துக்காரர். 1989இல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் முடித்தார். காகிதம்தானே என்று அதோடு விட்டாரா? பிரின்ஸ்டன் போய் 1994இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு குவால்காமில் வேலை. 1996இல் சகோதரர்கள், நண்பர்களோடு தொடங்கிய அட்வென்ட்நெட்தான் 2009இல் ஸோஹோ ஆனது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு அவர் குடிபோனது 2019இல். கிராமத்தில் இருந்து கோடீஸ்வரர் ஆனவரல்ல, கோடீஸ்வரர் ஆனபின் கிராமத்துக்கு வந்தவர். பிரின்ஸ்டன் வழியாக வந்தவர்.

ஸோஹோ பள்ளியில் பட்டம் கேட்பதில்லையே என்பார்கள். கேட்பதில்லைதான். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருடம் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார்கள். இதற்குப் பெயர் படிப்பு இல்லாமல் வேறென்ன? படிக்க வேண்டாம் என்பதற்கு ஒரு பள்ளிக்கூடத்தையே சாட்சிக்கு இழுக்க நம்மவர்களால்தான் முடியும். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்ட வேம்பு அடுத்து என்ன ஆனார்? தலைமை விஞ்ஞானி. மறுபடியும் அந்தப் பிரின்ஸ்டன் படிப்புதான்!

அடுத்து பில் கேட்ஸ் வருவார், ஹார்வர்டைப் பாதியில் விட்டவராக. விடுவதற்கு முதலில் ஹார்வர்டில் இடம் கிடைக்க வேண்டும். வழக்கறிஞர் அப்பா, தனியார் பள்ளி, 1968இலேயே அங்கே கணினி முனையம். நம் பையனின் அப்பாவுக்கு வருடத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதி நாளில் டீசல் கடன். எல்லை தாண்டினார் என்று பிடித்தால் படகும் போச்சு. இலங்கைக் கடற்படையால் பறிமுதல் செய்ய முடியாத சொத்து அந்த வீட்டுக்கு வேறு எது? அந்தக் காகிதம்தான்.

வசதியுள்ளவன் பட்டம் வேண்டாம் என்றால் அது துணிச்சல், வலைக்காரர் மகன் சொன்னால் அது இடைநிற்றல். முழங்குகிறவர்களின் சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அரியரோடு டிப்ளமோவை விட்ட பிள்ளை ஒன்று இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். நீட் கோச்சிங் கட்டணத்தை மட்டும் மறக்காமல் கட்டிவிடுவார்கள்.

இதே காரைக்காலில், திருவேட்டக்குடியில், 2010இல் தொடங்கிய என்ஐடி இருக்கிறது. அதில் சேர ஜேஇஇ எழுத வேண்டும் என்று எந்தக் குப்பத்துப் பள்ளியின் ஆண்டுவிழாவிலாவது இவர்களில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. விழா நடத்துகிறவர்களே, அடுத்த முறை அந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். சால்வைச் செலவு என்னுடையது.