முதலில் கதவுக்குச் சொல்லுங்கள்

ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்றதும், டெக்னோபார்க்கில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள் படிக்கிற சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். என் கட்சி வேறு. பிழைப்புக்காக வெளியூரில் இருந்துகொண்டு, சொந்த ஊரில் ஒரு வீடு கட்ட நினைக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதன் அரிச்சுவடி தெரிந்திருக்க வேண்டும். துபாயில் இருந்தாலும் சரி, என்னைப் போல ஸ்ரீவராகத்தில் குளக்கரைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தாலும் சரி.

நான் பி.காம். வங்கியில் கடன் பிரிவில் வருஷக்கணக்காக வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாயவரத்துக்காரனான எனக்கு இங்கே வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நெல்லை, நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்கள். எல்லோர் கையிலும் எஸ்டிமேட் இருக்கும். எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி என்று ரூபாய் பைசா சுத்தமாக இருக்கும். எந்த வேலை எப்போது, எது முடிந்த பிறகு எது என்று ஒரு காகிதம் கேட்டால், "அதெல்லாம் கொத்தனார் பார்த்துக்குவார் சார்" என்பார்கள். பணத்துக்குக் கணக்கு உண்டு, காலத்துக்குக் கணக்கு கிடையாது. ஆனால் கடன் வாங்கியவனுக்குக் காலமும் பணம்தானே?

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி. வங்கி மொத்தமாகத் தராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகத் தரும். கூரை முடிகிறபோது 30 லட்சம் கைமாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 21,250 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முடித்து வாடகைக்கு விட்டால் 12,000 வரும் என்றால் அதுவும் போச்சு. ஆக, ஒரு மாதத் தாமதத்தின் விலை 33,250. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்வேன். இது தவிர வருமான வரி வேறு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கட்டி முடித்தால்தான் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு. தாண்டினால் வெறும் 30,000.

சரி, அந்த அரிச்சுவடி என்ன? பெரிய பெரிய பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது ஒன்று. இதை நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணத்துக்கு ஜாபிதா போடும்போதே செய்துவிடுகிறார்கள். ஹென்றி கான்ட் 1910களில் பிரபலப்படுத்திய பட்டை அட்டவணை இன்னொன்று; எந்த வேலை எந்த வாரத்தில் என்று கோடு போட்டுக் காட்டுவது. மூன்றாவதுதான் விஷயமே. 1957-58 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு இடத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தது. டூபான்ட் ரசாயனக் கம்பெனி தன் ஆலை வேலைகளுக்காக உருவாக்கியது கிரிட்டிகல் பாத் முறை. கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கியது பெர்ட். இரண்டும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எது முடிந்தால் எதை ஆரம்பிக்க முடியும்? அப்படிக் கோர்த்துக்கொண்டே போனால் வருகிற மிக நீளமான சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் போனால் மொத்தத்திலும் ஒரு நாள் போகும். மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி உண்டு. ஜாபிதாவில் இல்லாதது இந்தச் சங்கிலிதான்.

வீட்டையே எடுத்துக்கொள்வோம். கூரை போட்டு சென்ட்ரிங் பிரித்தாயிற்று. நிலைகள் வைத்தாயிற்று. இனி கரண்ட் பைப், தண்ணீர் பைப் புதைக்க 2 வாரம். அதற்குப் பிறகுதான் பூச்சு, 4 வாரம். பிறகு டைல்ஸ் 3 வாரம். பிறகு கதவு மாட்ட 1 வாரம். கடைசியில் பெயின்ட் 3 வாரம். கூட்டினால் 13 வாரம். இதற்கு வெளியே இரண்டு வேலை இருக்கிறது. ஆசாரியிடம் கதவு சொன்னால் செய்து கொடுக்க 8 வாரம். காம்பவுண்ட் சுவர் 3 வாரம்.

கதவு தேவைப்படுவது 9 வாரம் முடிகிறபோது. செய்ய 8 வாரம். ஆக, தளர்ச்சி ஒரே ஒரு வாரம். கூரை பிரித்த வாரமே ஆசாரியைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? "டைல்ஸ் ஒட்டும்போது சொல்லிக்கலாம்" என்பார்கள். அது 6 வாரம் கழித்து. கதவு வருவது 14ஆவது வாரம் முடியும்போது, மாட்டி முடிய 15, பெயின்ட் முடிய 18. அத்தனை கொத்தனாரும் சித்தாளும் ஒழுங்காக வேலை செய்தும் 5 வாரம் தாமதம். மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 38,000 ரூபாய். யார் மேலும் கோபப்பட வழியில்லை. யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை!

காம்பவுண்ட் சுவருக்கோ 10 வாரம் தளர்ச்சி. ஆனால் வாட்ஸப்பில் நமக்கு வருகிற போட்டோ எல்லாம் காம்பவுண்ட் சுவராகத்தான் இருக்கும். சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், நெல்லைக்காரர், வட்டி கட்ட வந்தபோது பெருமையாக மொபைலைக் காட்டினார். சுவர், கேட், கேட்டுக்கு மேலே வளைவு எல்லாம் ஜம்மென்று இருந்தது. உள்ளே பூச்சு ஆரம்பிக்கவே இல்லை. "எலக்ட்ரீஷியன் வரலை சார், அதான் ஆளுங்களைச் சும்மா வைக்க வேண்டாம்னு சுவரைக் கட்டச் சொன்னேன்" என்றார். ஆளைச் சும்மா வைக்காதது நியாயம்தான். ஆனால் அந்த வாரங்களில் அவர் துரத்த வேண்டியது கொத்தனாரை அல்ல, எலக்ட்ரீஷியனை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரிகிற வேலையை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சங்கிலியைக் குறுக்குவதற்கு எனக்குத் தெரிந்த அருமையான உதாரணம் நம் பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. ரயில்வே போட்ட கெடு 6 மாதம், பிறகு அதையும் 3 மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு பாலக்காட்டுப் பக்கத்து இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. முடித்தது 46 நாளில். ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார் என்பதாகத்தான் இந்தக் கதையைப் பொதுவாகச் சொல்கிறார்கள். வங்கிக்காரன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. புது கர்டர்கள் எங்கிருந்தோ செய்து வரக் காத்திருந்தால் அந்தக் காத்திருப்புதான் மிக நீளமான கண்ணி. கடலடியில் கிடந்த பழைய கர்டர்களையே தூக்கித் திரும்பவும் பொருத்தியதில் அந்தக் கண்ணியே சங்கிலியிலிருந்து கழன்றுவிட்டது. வேகமாக வேலை செய்வது வேறு, காத்திருப்பை ஒழிப்பது வேறு. இரண்டாவதில்தான் மாதக்கணக்கில் மிச்சம்.

எதிர்மாறான உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் விழிஞ்ஞம் துறைமுகம். 2015 டிசம்பரில் வேலை ஆரம்பித்தபோது 1000 நாளில் முடியும் என்ற பேச்சு. வர்த்தக ரீதியாக இயங்க ஆரம்பித்தது 2024 டிசம்பரில், முறைப்படியான திறப்பு 2025 மே 2ஆம் தேதி. இடையில் 2017 ஒக்கி புயல், கோவிட், 2022 மீனவர் போராட்டம் எல்லாம் உண்டு. ஆனால் அடிநாதம் அலைத் தடுப்புச் சுவர். கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் பாறை கொட்ட வேண்டும்; பாறை கிடைக்கவில்லை. குவாரி அனுமதிகள் இழுத்தன, தமிழ்நாட்டிலிருந்தெல்லாம் கல் வரவேண்டியிருந்தது. சீனாவிலிருந்து ராட்சத கிரேன் வரும், வந்தும்விட்டது (2023 அக்டோபரில் அதற்கே ஒரு வரவேற்பு விழா). கல் வருவதுதான் கஷ்டம். நம் வீட்டுக் கதவு மாதிரிதான், அளவு மட்டும் கொஞ்சம் பெரிசு :-)

தேதி நகரவே நகராது என்றால் ஜனங்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தால் கும்ப மாதம் இங்கே வாருங்கள். ஆற்றுகால் பொங்கலை. 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் ஏறிய விழா. கோயில் எங்கள் பகுதிக்குப் பக்கம்தான் என்பதால் ஸ்ரீவராகம் தெருக்களிலும் செங்கல் அடுப்பு வரிசை கட்டிவிடும். பூரம் நட்சத்திரத்தைத் தள்ளிவைக்க எந்த அமைச்சராலும் முடியாது. அதனால் குடிநீர் வாரியம், மாநகராட்சி, ரயில்வே, பஸ் எல்லோரும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். முடிந்ததும் செங்கல்லைச் சேகரித்து ஏழைகள் வீடு கட்டக் கொடுப்பது வரை திட்டத்தில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பின்னோக்கிக் கணக்கிடுதல் என்று வருகிற பகுதியை இதைவிடத் தெளிவாக எவரும் நடத்த முடியாது.

இதைக் கற்றுக்கொள்ள எங்கே போவது என்று கேட்பீர்கள். பலர் செய்வது, நேராக ஒரு சாஃப்ட்வேரில் உட்கார்ந்துவிடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாஃப்ட்வேர் அழகாகக் கலர் பட்டை போட்டுத் தரும்; எதற்குப் பிறகு எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. முதலில் ஒரு பழைய டைரித்தாள், பென்சில், அழி ரப்பர். பத்துப் பதினைந்து வேலை எழுதி, அம்புக்குறி போட்டு, நீளமான பாதையைக் கையால் கூட்டிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். பிறகு வேண்டுமானால் கான்ட்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே என்று இலவசமாகவே இருக்கின்றன. வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்துகிற பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். சான்றிதழ் வேலைக்கு உதவும் என்றால் பிஎம்ஐ அமைப்பின் ஆரம்ப நிலைத் தேர்வான கேப்எம் இருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பாடம் கேட்டிருக்க வேண்டும். வீடு கட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை.

"அட்டவணையெல்லாம் மேஸ்திரி மதிக்க மாட்டார் சார்" என்று ஒரு ஆட்சேபம் எப்போதும் வரும். உண்மைதான், நீங்கள் மட்டும் வைத்திருந்தால் மதிக்க மாட்டார். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வாரம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். முப்பது வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி நமக்குத் தெரியாது. பேமெண்ட்டையும் அதே தாளில் கட்டுங்கள்: பைப் முடிந்து, பார்த்து, சரி சொன்ன பிறகு இவ்வளவு என்று. வங்கி உங்களுக்குப் பணம் தருவதும் அப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலை எப்படிப் போகுது மேஸ்திரி?" என்று கேட்டால் "சூப்பரா போகுது சார்" என்றுதான் வரும். "எலக்ட்ரீஷியன் எத்தனை ரூம் முடிச்சிருக்கார், ஆசாரி மரம் அறுத்துட்டாரா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர இரண்டு விநாடி தாமதமானால், அடுத்த சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிடலாம்.