குழந்தை யார் கணக்கில்?

டெல்லிக்கும் சென்னைக்கும் கொள்கைச் சண்டை வந்தால், வளவனூரில் கூலி வேலைக்குப் போகிற ஒருவர் குழந்தையின் எல்.கே.ஜி. ஃபீஸுக்கு ஏன் வட்டிக்கு வாங்க வேண்டும்? கேள்வி சின்னதுதான். ஆனால் 2025ல் தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் இதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. மும்மொழி, மாநில உரிமை, தேசியக் கல்விக் கொள்கை என்று பெரிய பெரிய வார்த்தைகள்தான் கிடைத்தன. அந்த வார்த்தைகளைக் கொண்டுபோய் ஃபீஸ் கவுன்ட்டரில் கொடுத்தால் ரசீது தர மாட்டார்கள்.

நான் பி.காம். படித்தவன். கொள்கை புரியாதபோது கணக்கைப் பார்ப்பது பழக்கம். பார்ப்போம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 12வது பிரிவு என்ன சொல்கிறது? சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் இது எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. பொருளாதாரத்தில் நலிந்தவர் என்ற வகையில் வர ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ‘சமக்ர சிக்ஷா’ என்ற திட்டத்திலிருந்து. 2018ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் போட வேண்டும். சண்டை ஆரம்பித்தது இங்கேதான். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், கூடவே தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்றுக்கொண்டதாக ஆகிறது. அதனால் போட மாட்டோம் என்றது தமிழ்நாடு. போடாவிட்டால் சமக்ர சிக்ஷா பணம் இல்லை என்றது டெல்லி. 2024-25க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றது. இப்படி நிறுத்தியது நியாயமில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இதுவரை கதையில் வில்லன் ஒருவர்தான் என்று தோன்றும். பொறுங்கள்.

பணம் வரவில்லை என்றதும் தமிழ்நாடு அரசு என்ன செய்தது? வழக்கமாகக் கோடையிலேயே தொடங்கும் 25 சதவீத அட்மிஷனை 2025ல் தொடங்கவே இல்லை. ஏப்ரல் போனது, மே போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் மாதம் நீதிமன்றம் இரண்டு பேருக்கும் சேர்த்தே குட்டு வைத்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடாதே என்று டெல்லிக்கு. டெல்லி தரவில்லை என்று சாக்குச் சொல்லிக் கைகழுவாதே என்று சென்னைக்கு. அதற்குப் பிறகும் பணத்தின் ஒரு பகுதி வந்து, அட்மிஷன் அறிவிப்பு வெளியானபோது அக்டோபர்.

அக்டோபரில் எந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. காலியாக இருக்கும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பது. கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கொடுப்பது. கோப்பில் பார்த்தால் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜூன் மாதமே ஃபீஸ் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் ‘ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கான’ இடம்! கையில் காசு இல்லாமல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தவர் என்ன ஆனார்? நிஜமான ஏழையை வெளியே நிறுத்திவிட்டு ஏழைக்கான திட்டத்தை நடத்திக் காட்டினார்கள்.

இதே சட்டத்தின் 7வது பிரிவு, இதற்கான நிதிப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் சேர்ந்தே உண்டு என்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் இது ஜாயின்ட் லயபிலிட்டி. இரண்டு பேர் சேர்ந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், “அவன் கட்டட்டும், அப்புறம் நான் கட்டுகிறேன்” என்று ஒருவர் சொல்ல முடியாது. பேங்க் மேனேஜர் விடமாட்டார். இங்கே கடன்காரர்கள் அரசாங்கங்கள். கடன் கொடுத்தவர் நாலு வயதுக் குழந்தை. அது யாரிடம் போய்க் கேட்கும்?

பணத்தைக் காட்டி மாநிலங்களின் பள்ளிக்கூடத்தை ஆட்டிவைப்பது டெல்லி கண்டுபிடித்த வித்தை அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் 2002ல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்பது அதன் பெயர். மத்திய அரசின் பணம் வேண்டுமா? மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை வருஷா வருஷம் பரீட்சை வை. பள்ளி தொடர்ந்து தேறவில்லையா? பெற்றோர் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். 2014க்குள் எல்லாக் குழந்தைகளும் நூற்றுக்கு நூறு தேறிவிட வேண்டும். நடந்தது என்ன? சில மாநிலங்கள் பாஸ் மார்க்கைக் குறைத்துக்கொண்டன. பள்ளி மாறும் உரிமையைப் பயன்படுத்தியவர்கள் மிகக் கொஞ்சம். மாறிப் போவதற்குப் பக்கத்தில் நல்ல பள்ளி இருந்தால்தானே? 2014 வந்தது, இலக்கு வரவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்து இதை மூட்டை கட்டினார்கள்.

அங்கேயும் இங்கேயும் பெற்றோருக்கு விற்கப்படுகிற சரக்கு ஒன்றுதான். ‘உங்கள் பள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள்.’

நிஜமாகவே யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் வளவனூர் இருக்கிறது. காலையில் அங்கே நின்று பாருங்கள், மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகும். இந்தச் சாலையில் கிழக்கே மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி எல்லை. அங்கே 2023-24ல் அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றினார்கள். இந்தப் பக்கம் வளவனூர் அரசுப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகம். எது நல்லது என்று வாதாட நான் வரவில்லை. இந்த இரண்டு குடும்பத்தில் யாரை யார் கேட்டார்கள்?

சரி, 25 சதவீதத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புத்தகம், சீருடை, வேன் என்று தனியாக வாங்குகிறார்கள் என்பது பெற்றோர்களின் பழைய புகார். அதைவிடப் பெரிய பள்ளம் எட்டாம் வகுப்பு முடிந்ததும் வருகிறது. சட்டத்தின் பாதுகாப்பு அதோடு சரி. ஒன்பதாம் வகுப்பில் முழு ஃபீஸ். பத்து வருஷம் ஒரே பள்ளியில் படித்த பிள்ளையிடம், “இனிமேல் பணம் கட்டு, இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்” என்பதுதான் தேர்வு உரிமையா?

அந்தப் பள்ளியை யார் கேள்வி கேட்பது? இதே சட்டத்தின் 21வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மட்டும் விதிவிலக்கு! அரசுப் பணம் வாங்கலாம், பெற்றோர் குழு வேண்டாம். 2025 ஜனவரியில், வளவனூர் இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இறந்துபோனது. 2004ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு எத்தனை விதிகள், எத்தனை ஆய்வுகள்! தொட்டி மூடி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஐ.ஏ.எஸ். அதிகாரி தேவையில்லை. உள்ளே போய்ப் பார்க்கிற உரிமையுள்ள நாலு அம்மாக்கள் போதும். அந்த உரிமையைத்தான் சட்டம் தரவில்லை.

“அரசுப் பணத்தைத் தனியாருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதை அரசுப் பள்ளிக்குச் செலவழித்தால் என்ன?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்படியானால் அதைச் சட்டசபையில் சொல்லி, விதியை மாற்றுங்கள். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியாரில் இந்த ஒதுக்கீடு இல்லை என்று கர்நாடகம் 2018 கடைசியில் விதியை மாற்றியது. சரியோ தவறோ, அறிவித்துச் செய்தார்கள். பெற்றோர் வழக்குப் போடவாவது வழி இருந்தது. சட்டத்தைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டே பணப்பையின் சுருக்கை இழுப்பது கொள்கை ஆகாது. அது ஏமாற்று.

என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணம் எந்த ஒப்பந்தத்தோடும் சேராத தனிக் கணக்கில், தேதி குறித்து வர வேண்டும். தாமதித்தால் வட்டியோடு. இரண்டு, அரசுப் பணம் வாங்குகிற எந்தப் பள்ளியும், எத்தனை குழந்தைகளுக்கு எவ்வளவு வாங்கியது என்று வாசலில் போர்டு வைக்க வேண்டும். பெற்றோர் குழு கட்டாயம் வேண்டும். மூன்று, எட்டாம் வகுப்பு வரை சுமந்த பிள்ளையைப் பன்னிரண்டு வரை சுமக்க வேண்டும்.

நான்காவது உங்களுக்கு. அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களை 2022லும் 2024லும் புதிதாக அமைத்தார்கள். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளிக்கு என்ன வந்தது, என்ன செலவானது என்று கேளுங்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், படிக்காமல் போடாதீர்கள். டெல்லி சென்னையிடம் கணக்குக் கேட்கிறது. சென்னை டெல்லியிடம் கணக்குக் கேட்கிறது. இரண்டு பேருக்கும் வரி கட்டுகிற நாம்தான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.